நைனாவின் வலையும் வண்டியில்லாத தெருவும்

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்கள் செய்யும் தவறை மன்னித்துவிடலாம். நான் பழவேற்காட்டு ஏரியின் தீவுக் குப்பமான பசியாவரத்தில் பிறந்தவள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். (சம்பளம்தான் பகுதி.) பழவேற்காட்டில் படகுத்துறையிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் கடைத்தெருவைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். டச்சுக்காரர்கள் காலத்துத் தெரு. எதிரெதிரே இரண்டு பல்லக்கு போனால் போதும் என்று விட்டிருப்பார்கள் போல. அதில் மீன் வேன், ஷேர் ஆட்டோ, ஐஸ் பெட்டி கட்டிய பைக் எல்லாம் ஒரே சமயத்தில் போயின. நடக்கிறவர்களுக்கு மிச்சமிருந்தது சாக்கடை ஓரம்.

அம்மா தினமும் பசியாவரத்திலிருந்து படகில் வந்து, இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போய்ப் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால், அடுத்த பஸ் போய்ச் சேருவதற்குள் சந்தை முடிந்துவிடும். அந்த மாதம் இரண்டு முறை பைக் இடித்துக் கூடை கவிழ்ந்தது. சாக்கடையில் விழுந்த இறாலை யார் வாங்குவார்கள்?

புதிதாக வந்திருந்த வட்டார அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் நேர்மையான மனிதர், நம்பிக்கை குறைந்தவர்.

“ஒரு நாள் காலைல வண்டி இல்லாம நடத்திக் காட்டுங்க. ஜனங்க நடந்தா, தினமும் காலைல வண்டிக்குத் தடைன்னு உத்தரவு போடறேன். இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்.”

இரண்டு போலீஸ் தடுப்புகள் கேட்டிருந்தேன். அன்று காலை வந்தது ஒன்று. அதைப் பேருந்து நிலைய முனையில் வைத்தாயிற்று. படகுத்துறை முனை திறந்து கிடந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. (இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.) எங்கள் பக்கத்தில் விரித்த வலை மேல் யாரும் வண்டி ஏற்ற மாட்டார்கள். துறையில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வலை தைத்துக்கொண்டிருந்தார்.

“நைனா, வலையைக் குடு. தெருவை அடைக்கணும்.”

“அடியே, வலையைத் தெருவுல போட்டா...” என்று ஆரம்பித்தார்.

“அப்புறம் பேசலாம் நைனா,” என்றேன்.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வலையைப் பரப்பினேன். முதலில் வந்தது ஜமால் பாயின் மீன் வேன். வலையைப் பார்த்தார்; இன்ஜினை அணைத்தார்; பீடி பற்ற வைத்தார். பின்னால் பைக்குகள், ஆட்டோக்கள், இன்னொரு வேன். துறையே வண்டிக் காடானது. தெருவில் ஒரு சக்கரம் இல்லை. மனதுக்குள் தலைப்புச் செய்தி எழுதிக்கொண்டேன்.

பிறகு பசியாவரத்துப் படகு வந்தது. பெண்கள் கூடைகளோடு இறங்கி வந்து, வலை ஓரத்தில் நின்றார்கள்.

நின்றுகொண்டே இருந்தார்கள்.

“அம்மா, வா! தெரு காலியா இருக்கு பாரு!”

“இன்னாடி நீ, படிச்சவதானே? வலையைத் தாண்டுனா மீன் படுமா?”

விரித்த வலையைக் காலால் தாண்டக் கூடாது, பெண்கள் தாண்டவே கூடாது என்பது எங்கள் குப்பத்தில் நடக்கப் பழகும்போதே சொல்லித் தருவது. பட்டணத்தில் படித்த மூன்று வருடத்தில் எனக்கு அது மட்டும் கழன்றுவிட்டிருந்தது.

மறுமுனையிலிருந்து அதிகாரி காலித் தெருவில் தனியாக நடந்து வந்தார். கூட ஒரு நாய் வந்தது.

“நடப்பாங்கன்னு சொன்னீங்க. நிக்கிறாங்களே?”

அவருக்குப் பின்னால், தூரத்தில், பொன்னேரி பஸ் ஹாரன் அடித்தது. அம்மாவின் முகம் மாறியது.

“ஒரு நிமிஷம் சார்!” என்று பாய்ந்து வலையைத் தூக்கினேன். கொலுசு மாட்டியது. கொலுசை எடுக்கக் குனிந்தேன். துப்பட்டா ஊக்கு மாட்டியது. ஊக்கைக் கழற்றத் திரும்பினேன். திரும்பிய பக்கமெல்லாம் வலையும் திரும்பியது. விழுந்தேன். உருண்டேன். என்னை நானே முழுசாகச் சுற்றிக்கொண்டேன்.

“இவ்ளோ பெரிய மடவை மீனு ஏரியில கெடையாதே!” என்றாள் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா.

ஜமால் பாய் கத்தியோடு ஓடி வந்தார். நைனா அலறினார்: “அறுக்காதீங்க பாய்! புது வலை!”

(மகள் பழையவள்.)

அறுக்காமல் பிரிக்க வேண்டுமானால் வலையை நன்றாக விரித்தாக வேண்டும். துறையில் இடமில்லை, அதை வண்டிகளால் நிரப்பியவள் நான்தான். இடம் இருந்தது தெருவின் மறுமுனையில், பேருந்து நிலையத் திடலில்.

“தூக்குங்கப்பா!” என்றார் நைனா.

டிரைவர்கள் வண்டிகளை விட்டு இறங்கினார்கள். முன்னால் ஜமால் பாய், பின்னால் நைனா, நடுவில் நான். வலை தரையை விட்டு எழுந்ததும் பெண்களுக்கு வழி கிடைத்தது. கூடைகளோடு அவர்களும் நடந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடந்தார்கள். மசூதிப் பக்கமிருந்து வந்த பெரியவர்கள், என்ன விஷயம் என்று கேட்டு, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவின் முழு அகலத்துக்கும் ஜனம். ஒரு ஹாரன் இல்லை. யாரும் சாக்கடையில் கால் வைக்கவில்லை. அதிகாரி என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

“சார், நடக்கிறாங்க,” என்றேன், படுத்தபடியே.

“பார்க்கிறேம்மா,” என்றார்.

அம்மா பஸ்ஸில் ஏறினாள். ஓர் இறால்கூடச் சிந்தவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினாள். திருப்பி ஆட்ட எனக்குக் கை கிடைக்கவில்லை.

அந்த வாரமே உத்தரவு வந்தது. இன்றும் காலையில் அந்தத் தெருவின் இரு முனைகளிலும் சங்கிலி போடுகிறார்கள். கூடைக்காரப் பெண்கள் நடுத்தெருவில் கைவீசிப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நைனா இதைத்தான் முதலில் சொன்னார். “ஒரே வலைப்பாடு, அம்பது கிலோ!”

காபி கொண்டுவந்த அம்மா சேர்த்துக்கொண்டாள்: “எடை நல்லாத்தான் இருந்துச்சு. விலைதான் இதுவரைக்கும் யாரும் கேக்கல.”