வாலாம்பாள் பெய்வித்த மழை

சேஷன் தீர்மானித்துவிட்டார். இந்த ஓணக் கண்காட்சியில் தன் அச்சுப்படம் தொங்காவிட்டால் இனி மனிதராய் நடமாடுவதில்லை. கிழக்கேகோட்டை வீட்டின் பின்னறையைக் கலைக்கூடமாக்கி, கதவில் "உள்ளே வரக்கூடாது" என்று எழுதி ஒட்டினார். வீட்டில் இருப்பது அவரும் மனைவி வாலாம்பாளும்தான். ஆகவே அறிவிப்பு யாருக்கு என்பதில் குழப்பமில்லை.

லினோ என்ற ரப்பர் போன்ற தகட்டில் கோபுரம் செதுக்கி, கறுப்பு மை தடவியாயிற்று. மேலே காகிதம் வைத்து அழுத்த வேண்டும். எதனால்? தன் அறைக்குள் மனைவியை விடாதவர், மனைவியின் அடுக்களைக்குள் கேட்காமல் புகுந்து சப்பாத்திக் கட்டையைத் தூக்கிவந்தார். இது என்ன நியாயம் என்று கேட்கக்கூடாது, அவர் கலைஞர்.

கட்டையிலிருந்த மாவு மையின்மேல் உதிர்ந்ததை அவர் பார்க்கவில்லை. காகிதத்தை உரித்தால், கரிய வானமெங்கும் வெள்ளைப் பொட்டு.

"கட்டையைத் தொடச்சு வெக்கப்படாதோ? இது முழுக்க உன் வேலை. இதுல என் பேரைப் போட மாட்டேன்."

"சப்பாத்திக் கட்டையில மாவு இல்லாம மையா இருக்கும்?"

படத்தடியில் பென்சிலால் கையெழுத்திடுவது அச்சுக்காரர் வழக்கம். சேஷன் அந்த இடத்தில் ஆத்திரத்தோடு "வாலாம்பாள்" என்று எழுதி வீசினார். கட்டையைக் கழுவி, மாசுமருவற்ற ஐந்து படங்கள் எடுத்தார். வீசியதை வாலாம்பாள் துணிக்கொடியில் காயவைத்து, அந்த ஐந்துக்கும் அடியில் செருகினாள்.

கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த ஆரியசாலை சிவகாமியம்மாள் ஐந்தையும் புரட்டி, காலண்டர் போல நல்ல வெடிப்பாக, சுத்தமாக இருப்பதாகச் சொன்னாள். ஆறாவதை ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"இந்தச் சாரலை எப்படி விழ வச்சிய? கண்காட்சிக்கு இது போதும்."

சேஷனும் எட்டிப் பார்த்தார். மெய்யாகவே மழை. கோபுரம் நனைந்துகொண்டிருந்தது. அழகாயிருந்தது, அதுதான் கொடுமை. தொண்டையைச் செருமி, அது தன்னுடைய தனி உத்தி என்றார்.

"பின்னே வாலாம்பாள்னு போட்டிருக்கே?"

"நான்தான் அது," என்றாள் வாலாம்பாள். "முழுக்க என் வேலைன்னு இவரே எழுதிக் கொடுத்தார். இல்லையா, ஏன்னா?"

"செதுக்கினது நானாக்கும்."

"கோபுரம் ஆறுலயும் இருக்கு. மழை ஒண்ணுலதானே?"

சிவகாமியம்மாள் இன்னும் பத்துப் பிரதி கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பின்னறை உள்தாழ் போட்டிருந்தது. உள்ளே கட்டை உருளும் சத்தமும், வாலாம்பாள் தனக்குத்தானே சிரிக்கும் சத்தமும். சேஷன் தட்டினார்.

"கதவுல எழுதியிருக்கறதைப் படிக்கலையா? புதுக் கட்டை அடுக்களையில இருக்கு. எனக்கு நாலு சப்பாத்தி போறும்."