கூலி கேட்காத போர்வெல்

கரையானிடம் வேலை வாங்கத் தெரிந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் புத்து அண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், கல்வராயன் மலையிலேயே போட்டி வைத்துவிடலாம்.

தங்கம் தேடும் ஆய்வுக்குழு மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் முகாம் போட்டபோது நான் கம்ப்யூட்டரில் அறிக்கை அடிப்பவள். அவர் ஜீப் டிரைவர். சோதனைக்குப் புற்று மண் எடுப்பதும் அவர்தான். சுத்தியலால் பாறையைத் தட்டும் அதிகாரிகளைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"ஆதியில பூமிக்கு அடியில கொதிக்கிற தண்ணி பாறை வெடிப்புல ஏறுச்சும்மா. ஏற ஏற சூடு கம்மியாச்சு, கரைஞ்சிருந்த தங்கத்த அங்கியே வுட்டுட்டுப் பூடுச்சு. அதும்மேல மண்ணு மூடிக்கினு இருக்குது. மேல தட்னா இன்னா தெரியும்? கரையான் ஈரம் தேடி ஆழமா போயி மண்ணத் தூக்கியாருது. கூலி கேக்காத போர்வெல்லு!"

ஒவ்வொரு புற்றின் முன்னும் செருப்பைக் கழற்றி, "ஆத்தா, ஒரு கைப்பிடிதான்" என்று அனுமதி கேட்பார். கழற்றிய செருப்பை அங்கேயே மறந்துவிடுவார். மலையில் அவர் செருப்பு கிடக்காத பாதை கிடையாது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற புற்றை மட்டும் தொடவே மாட்டார்.

ஒரு நாள் லீவு போட்டார். வந்தது வினை. புதிதாக வந்த அதிகாரி குங்குமப் புற்றிலேயே கை வைத்துவிட்டார். சோதனை முடிவைப் பார்த்ததும் மனிதர் குதித்தார், அவ்வளவு தங்கம்! எங்களுக்கு அனுமதி ஒரே ஒரு ஆழ்துளைக்குத்தான். அது பொய்த்தால் முகாமைக் காலி செய்ய வேண்டும். அதை அங்கேதான் போடுவேன் என்று நின்றார். லீவு முடிந்து வந்திருந்த அண்ணன் தடுத்தார்.

"வாணாம் சார். அது வேண்டுதல் தங்கம். சுத்தியிருக்கிற புத்துல ஒண்ணுலகூட இல்லீங்க. அடியில வெடிப்பு இருந்தா வரிசையா காட்டணும். ஓடைக்கு மேக்கால ஒம்போது புத்து, கோடு போட்டாப்ல, கம்மியா காட்டுது. அங்க போடுங்க."

"டிரைவர் சொல்லி நான் துளை போடணுமா?"

அண்ணன் சல்லடையை எடுத்துவந்தார். அந்தப் புற்றில் எடுத்து மீந்திருந்த மண்ணைச் சலித்தார். சல்லடையில் பாதி உடைந்த தங்கப் பொட்டு நின்றது, நூல் கோக்கும் ஓட்டையோடு. மற்ற பாதிதான் சோதனைக்குப் போயிருக்கிறது.

"இன்னா சார், பூமிக்குள்ள ஆசாரி ஒக்காந்துக்கினு ஓட்டை போட்டாரா?"

அதிகாரியே சிரித்துவிட்டார். அண்ணன் பொட்டைப் புற்றிலேயே சேர்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார், வழக்கம்போல வெறுங்காலோடு.

ஒன்பது புற்றுகளுக்கு நடுவே துளை இறங்கியது. ஆழத்திலிருந்து, வெடிப்பை நிரப்பியிருந்த வெள்ளைக் கல் வந்தது. அதில் தங்கம் உண்டு என்றது சோதனைச்சாலை. முகாம் தப்பியது. அண்ணன் அன்று பூராவும் மீசையைத் தடவிக்கொண்டே ஜீப் ஓட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மீசை இருந்திருந்தால் நானும் தடவியிருப்பேன்.

அடிக்கச் சொல்லித் தந்த அறிக்கையில் எல்லோர் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான். 'துளை 1' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'புத்து 1' என்று அடித்து நீட்டினேன். அதிகாரி படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் வரைபடத்தில் அதற்கு அதுதான் பெயர்.

தெரிந்தே நான் விட்ட ஒரே எழுத்துப்பிழை அது. இதுவரை யாரும் திருத்தவில்லை.