ஏழில் செவ்வாய்

"நக்கினாயா?" என்று மேலாளர் மதாம் பெலாஞ்சே கேட்டார்.

"கொஞ்சம்தான்," என்றான் ஆரூரன்.

நல்ல எண்ணத்தில்தான் நக்கினான். கர்க்லாண்டில் ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை. சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, ஸ்கான் செய்து, கைதிகளின் டாப்லெட்டுக்கு அனுப்ப வேண்டும். பிறகு காகிதத்தை அரைத்துவிடுவார்கள். காகிதத்தைப் போதை மருந்தில் ஊறவைத்து அனுப்பும் கெட்டிக்காரர்கள் இருப்பதால், கறை தெரிந்தால் இயந்திரம் கத்தும். இந்தக் கடிதத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் கறை. சமையல் மஞ்சள்தான் என்று ஆரூரன் அடித்துச் சொன்னான். மதாம் நம்பவில்லை. ஒரு மூலையை நாக்கில் வைத்துக் காட்டினான்.

உடனே அவனைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். காவலாளி டோர்ச் அடித்து அவன் கண்ணைப் பார்க்கத் தொடங்கினான்.

அன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்? அவனுடைய தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று மதாம்தான் மாலையில் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்; கடிதத்தில் ஓர் எழுத்தையும் விடாமல் வாசிப்பவன் என்ற நல்ல பெயர் ஒன்றுதான் அவனுக்குத் துணை.

வீட்டில் கதை வேறு. அம்மா பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்து தரும் பெண்களின் சாதகக் குறிப்புகள், உறை பிரிக்காமலே ஃபிரிட்ஜின் மேல் கிடந்தன. ஆரூரனுக்கு ஏழில் செவ்வாய். அந்தத் தோஷத்தால் மூன்று சம்பந்தம் தட்டிப்போனதும், ரோசத்தில் குறிப்பு என்ற சொல்லையே வெறுத்துவிட்டான். முப்பத்தேழு வயது, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனி அறை, நிம்மதி என்று சொல்லிக்கொள்வான். நிம்மதியில் பாதி பொய்.

"மஞ்சளை ஏன் பூசினார்கள்?" என்றார் மதாம்.

"நல்ல காரியம் என்றால் பூசுவது வழக்கம்."

"என்ன காரியம்?"

ஆரூரன் கடிதத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தான். கார் களவில் உள்ளே போன விதுர்சனுக்கு அவன் தாய் சிவநேசம் எழுதிய கடிதம் அது. நல்ல காரியம் என்று அதில் ஒன்றும் இல்லை.

"சரி, மேலே இந்தச் சுழி? யாருடைய சின்னம்?"

"பிள்ளையாருடையது. எதைத் தொடங்கினாலும் முதலில் அவரைக் கேட்டுத்தான் தொடங்குவோம்."

"ஓகோ. ஆள் எப்படி இருப்பார்?"

"யானைத் தலை. பெரிய வயிறு."

"தலைவர். முகமூடி அணிபவர்," என்று மதாம் எழுதிக்கொண்டார்.

ஆரூரன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "கடிதத்தில் ஒன்றுமே இல்லை மதாம். தங்கை தாட்சாயினியின் வயது, உயரம், பல் டாக்டரிடம் வேலை, உத்தர நட்சத்திரம், ஏழில் செவ்வாய், கார் ஓட்டுவாள். அவ்வளவுதான். வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு இயந்திரத்தைக் கேளுங்கள்."

கேட்டார்கள். இயந்திரம் பிரெஞ்சில் சொன்னது: "வடக்கு. செவ்வாய்க்கிழமை ஏழு மணி. தங்கை கார் ஓட்டுவாள்."

காவலாளி டோர்ச்சை அணைத்துவிட்டுக் கதவடியில் போய் நின்றான்.

"இல்லை, இல்லை! அது கிழமை இல்லை. செவ்வாய் ஏழாவது வீட்டில் நிற்கிறது."

"அந்த வீடு எங்கே?"

"ஆகாயத்தில்."

மதாமின் முகம் வெளுத்தது. "ஹெலிகொப்டர்," என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். செவ்வாய்க்கிழமை சிறையில் யாரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று பேச்சு அடிபட்டது.

"ஒரு நிமிடம்!" ஆரூரன் எழுந்துவிட்டான். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. "கடிதத்தில் நம்பர் இருக்கிறது. அந்த அம்மாவையே கேட்போம்."

"கேள். ஸ்பீக்கரில் போடு. பதில் சரியில்லை என்றால், இந்தக் கடிதத்துக்குச் சாட்சி சொன்ன நீயும் வேலைக்கு இல்லை."

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம் அம்மா. கடிதம் ஸ்கான் பண்ணுற இடத்திலயிருந்து கதைக்கிறன். மகன் விதுர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினனீங்கள்..."

"ஓம் தம்பி, ஓம்! வந்திட்டுதோ? முழுக்க வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான் அம்மா."

"உயரமும் பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தனான். அதில ஒரு சின்னப் பிரச்சினை. தங்கச்சியின்ர உயரம், நட்சத்திரமெல்லாம் தமையனுக்கு ஏன் எழுதினனீங்கள்? அவருக்குத் தெரியாதோ?"

"அவனுக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது தம்பி. பிரெஞ்சிலதான் படிச்சவன். இந்தக் கடிதத்தைக் காட்டினால் தலைகீழாப் பிடிப்பான்."

ஆரூரன் அதை மொழிபெயர்த்தான். மதாம் மேசையில் ஓங்கி அடித்தார். "பார்த்தாயா! பெயர் ஒருவனுக்கு, செய்தி வேறு ஒருவனுக்கு. யாருக்கு என்று கேள்!"

"அம்மா," என்றான் ஆரூரன். மஞ்சள் இன்னும் கசந்தது. "அப்ப இதை ஆருக்கு எழுதினனீங்கள்?"

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. சிவநேசம் அவளை அதட்டிவிட்டு வந்தார்.

"கோயில்ல உங்கட அம்மா சொல்லி அழுதவ தம்பி, வீட்டில குறிப்புக் குடுத்தால் பிரிச்சும் பாக்கமாட்டியளாம், வேலையில வாறதெண்டால் ஓரெழுத்தும் விடமாட்டியளாம்."