சிவப்பு தெரியாத மிளகாய் வியாபாரி

குண்டூர்
12-2-1988

மைத்துனன் சிரஞ்சீவி கோடிலிங்கத்துக்கு உன் பாவா ரத்தய்யா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா சேஷரத்னமும் எங்கள் பையன், உன் மருமகன் ஹனுமந்துவும் உடம்பளவில் சௌக்கியம். ராஜமந்திரியில் நீயும் உன் பெண்சாதியும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். ஏனென்றால் அடுத்த முறை பார்க்கும்போது நான் கேட்கப் போகும் கேள்விகளுக்கு நீ திடமாக நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

“நரசராவுபேட்டையில் நல்ல இடம் பாவா, பெண் பெயர் பிரமீளா, காலேஜில் உயிரியல் சொல்லித் தருகிறாள்” என்று எழுதியது நீதானே? உயிரியல் என்றால் தவளையை அறுப்பது, இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயப்போடுவது, அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது காலேஜோடு நிற்காமல் வீட்டுக் கூடத்துக்கு வந்து, பாயில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை அறுக்கும் என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். பெண் பார்க்கும் அன்றைக்கு நீயும் கூட வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று தந்தி அடித்தாய். அந்தக் காய்ச்சல் மேல் எனக்கு இப்போது பலத்த சந்தேகம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பிடித்துப் போனோம். பூத்தரேகுலு இனிப்பு வைத்தார்கள், பஜ்ஜி வைத்தார்கள், குறை சொல்ல முடியாது. பெண் கிளிப்பச்சைப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். “ரெண்டு வார்த்தை பேசுங்களேன்” என்று அவள் அப்பா வீரராகவய்யா நம் பையனைத் தூண்டினார். அவனும் நெடுநேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, “உங்க மெரூன் சேலை ரொம்ப நல்லாருக்கு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் ஏதோ தமாஷ் என்று சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலைக் காட்டினாள்.

“அந்தச் செம்பருத்திச் செடியில எத்தனை பூ இருக்குன்னு சொல்றீங்களா?”

“பூவா? இன்னும் பூக்கலையே. வெறும் இலைதானே இருக்கு” என்றான் இவன்.

கோடிலிங்கம், பதினோரு பூ இருந்தது. நான் எண்ணினேன். ரத்தச் சிவப்பில், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

அவள் என் பக்கம் திரும்பி, காலேஜில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொன்னாள்: “மாமா, தப்பா நினைக்காதீங்க. இவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். நோயில்ல, பயப்பட ஒண்ணுமில்ல. பையன்களுக்கு அம்மா வழியா வர்றது. அம்மாவுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனா உள்ளுக்குள்ள சுமந்துக்கிட்டு வந்து புள்ளைக்குக் குடுத்துருவாங்க. அத்தை, உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது இப்படி உண்டா?”

உன் அக்கா யோசித்தாள். சபையில் யோசிக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! யோசித்துவிட்டு, “ஆமாம்மா, என் தம்பி கோடிலிங்கம் தக்காளித் தோட்டத்துக்குப் போனா காயும் பழமுமா கலந்து பறிச்சுட்டு வருவான். அம்மா விளாசுவா” என்றாள். ஆகக் கல்யாணத்தைப் பேசி வைத்ததும் உன் வீடு, கண்ணைக் கொடுத்ததும் உன் வீடு. குண்டூர் மிளகாய் மண்டியில் முப்பது வருஷமாக ‘ரத்தய்யா சரக்கு’ என்றால் நிறத்துக்குத்தான் பெயர். அந்த ரத்தய்யாவின் வாரிசுக்குச் சிவப்பு தெரியாது என்று ஒரு பெண் பஜ்ஜித் தட்டை வைத்துக்கொண்டு அறிவித்தால் நான் என்ன செய்ய? எழுந்தேன், துண்டை உதறினேன், காரில் ஏறினேன். வழியெல்லாம், “எங்க வீட்டு வழியா வந்ததுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்போ உங்க மூஞ்சியில ஒரு சந்தோஷம் தெரிஞ்சுதே, அது என்ன சந்தோஷம்?” என்று உன் அக்கா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அரை நிமிஷம்தான் இருந்தது அந்தச் சந்தோஷம். அதற்கு இரண்டு மணி நேரத் தண்டனை.

பெண் சொன்னது பொய் என்று நிரூபிக்க மறுநாளே பையனைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுவதும் வண்ண வண்ணப் புள்ளிகள், நடுவில் எழுபத்துநாலு என்று யானை மாதிரி ஓர் எண். “என்ன தெரியுது?” என்றார். “புள்ளிங்க சார்” என்றான். நான் பின்னாலிருந்து, “எழுபத்துநாலுடா, எழுபத்துநாலு!” என்று முணுமுணுத்தேன். டாக்டர் என்னை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வயது பிள்ளைக்கு நான் பிட் கொடுத்துப் பிடிபட்டேன், கோடிலிங்கம், அதுவும் நாற்பது நோயாளிகள் பார்க்க!

அவமானம் அத்தோடு முடிந்ததா? நம் ஆள், வாயைத் திறக்கவே காசு கேட்கிறவன், செவ்வாய்க்கிழமை மண்டியில் மிளகாய்க் குவியல் பக்கத்தில் நின்று, தரம் பிரிக்கும் பெண்களிடம் தானே சொல்கிறான்: “எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாதாம்மா.” தப்பு செய்து பிடிபட்டவன் மாதிரி இல்லை, பரீட்சையில் தேறியவன் மாதிரி சொல்கிறான்! அந்தப் பெண்களில் மூத்தவள் மங்கம்மா கை வேலையை நிறுத்தாமல், “அது எங்களுக்குப் பத்து வருஷமாத் தெரியுமே சின்ன சாவுகாரே” என்கிறாள். நான் பாய்ந்தேன். “தெரியும்னா எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்க சொல்ல விட்டீங்க சாவுகாரே? அவரு பச்சைக் காயை விட்டுட்டாருன்னு நீங்க கத்தி முடிக்கவே பொழுது சரியாப் போகும். நாங்கதான் அவரு பார்த்த குவியலை மறுபடி ஒரு தடவை பார்த்துருவோம். ஆனா ஒண்ணு, ஈரச் சரக்கை அவரு மாதிரி யாரு கண்டுபிடிப்பா? கையில எடுத்து ஒரு குலுக்கு, ஒரு முகர்வு, அவ்வளவுதான். விதை சத்தத்துலயே சொல்லிருவாரு.”

மண்டிக்கே தெரிந்திருக்கிறது, பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. சோம்பேறி என்று திட்டினேன், கவனமில்லாத கழுதை என்று திட்டினேன், வேண்டுமென்றே வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று உன்னிடமே எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன்! பதினாறு வருஷமாகத் தொண்டை கிழியத் திட்டிய திட்டெல்லாம் இனி என்ன கணக்கில் சேரும்? யாரிடம் போய் அதைத் திருப்பிக் கேட்பது? ஒரு பெண், ஒரு ஜன்னல், ஒரு செடி, ஐந்து நிமிஷம், முடிந்தது. இப்படி வீடுவீடாகப் போய் அப்பன்களைக் குற்றவாளியாக்கத்தான் சர்க்கார் உயிரியல் காலேஜ் நடத்துகிறதா?

இதற்கெல்லாம் மேலே, பையன் கல்யாணம் செய்தால் அவளைத்தான் செய்வேன் என்கிறான். அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம், நாம்தான் எழுந்து வந்தோமாம். ஒரு வாய் காபி குடித்தால் நாக்கைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாள், தும்மினால் பரம்பரையை விசாரிப்பாள். அப்படி ஒரு மருமகளை வைத்துக்கொண்டு நான் எந்த மூலையில் நிம்மதியாக உட்காருவது? ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் நீ நேராக நரசராவுபேட்டை போய், இந்தச் சம்பந்தம் எங்களுக்கு ஒத்துவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வர வேண்டியது. வழியில் யாரிடமும் உன் தக்காளி விஷயத்தைப் பேச வேண்டாம்.

உனக்கும் குழந்தைகளுக்கும் கனகதுர்க்கம்மா நீண்ட ஆயுளையும், முக்கியமாகத் தெளிந்த கண்ணையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாவா
ரத்தய்யா

பி.கு: கடிதத்தை அன்றே தபாலில் போடவில்லை. உன்னை நம்ப முடியாது என்று நேற்றுக் காலை நானே பஸ் ஏறி நரசராவுபேட்டை போய்விட்டேன். வீரராகவய்யா வெளியே போயிருந்தார். பெண்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, “மாமா, சின்ன வயசுல அவரு உங்ககிட்ட இதைப் பத்தி ஏதாவது கேட்டிருக்காரா?” என்றாள். கேட்டிருக்கிறான், கோடிலிங்கம். ஆறு வயசில், மண்டியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, இதுல எது சிவப்பு?” என்று கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து எல்லோர் முன்னாலும் அறைந்தேன். அதை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வீரராகவய்யா வந்ததும் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன். மார்ச் ஒன்பது. மேலே எழுதியதை நீ பொருட்படுத்த வேண்டாம், ஆனால் இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் பஸ் இறங்கி நேரே மண்டிக்குப் போய், “உன் கண்ணுக்கு இந்த மிளகாய் எப்படிடா தெரியுது?” என்று அவனைக் கேட்டேன். மூட்டை மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னான். அவன் என்னிடம் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.