வலது காலா, நல்ல காலா?

அரியலூர்
19.11.2006

அன்புள்ள நாத்தனார் பச்சையம்மாளுக்கு,

உன் அண்ணி அமிர்தவல்லி எழுதுவது. நலம் விசாரிக்கும் வரிகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். உன் முழங்கால் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். என் முழங்காலைப் பற்றி நீ கேள்விப்பட்டது எதுவும் சரியில்லை.

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் பயிற்சி சொல்லித்தர வந்தவரை நான் கைத்தடியால் அடித்து விரட்டிவிட்டதாகப் பெரம்பலூர் வரைக்கும் பேச்சாம். என்னிடம் கைத்தடியே கிடையாது. இருப்பது நான்கு கால் வாக்கர். அதைத் தூக்கி ஓர் ஆளை அடிக்கும் தெம்பு எனக்கு இருந்தால் பயிற்சிக்கு ஆள் வைத்திருக்கவே மாட்டேன். இந்தப் பேச்சை நம்பி உன் ஆபரேஷன் தேதியை நீ வேண்டாமென்று சொல்லிவிட்டாய் என உன் மகன் நல்லதம்பி போனில் சொன்னான். "அண்ணிக்கே அந்தக் கதின்னா எனக்கு எதுக்குடா? இப்புடியே தவந்துக்கிட்டு இருந்துட்டுப் போயிடுறேன்" என்றாயாம். வெங்காயக் கொல்லையில் களை வெட்டப் போக முடியாமல் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களை ஏசிக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னான். ஏசுவது உன் இஷ்டம். தவழக் கூடாது. அதற்காகத்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். திருச்சி கான்வென்ட்டில் எட்டு வருடம் சிஸ்டர்களிடம் படித்தவளுக்குக் கூட்டிக் குறைத்து எழுத வராது.

ஆபரேஷன் திருச்சியில் நல்லபடியாகவே நடந்தது. மாற்றியது வலது மூட்டு. வீட்டுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து, வாரம் மூன்று நாள் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் மகேஷ் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், படித்துப் பட்டம் வாங்கியவர். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைக் குதிகாலுக்கு அடியில் போட்டு, படுக்கையில் வழுக்கி வழுக்கிக் காலை மடக்க வேண்டும், தொடையை இறுக்கி ஐந்து வரை எண்ண வேண்டும், சும்மா படுத்திருக்கும்போது குதிகாலுக்குக் கீழே மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலுக்குக் கீழே எதுவுமே வைக்கக் கூடாது, அப்போதுதான் கால் நேராக நிமிரும் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் என்னைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, என் முழங்கால் அந்தரத்தில் நிற்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், ஆளுக்கொரு தலையணையை அதற்கடியில் செருகிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு வளர்மதி, "பாவம், கேக்க நாதியில்லாம தொங்குது பாருங்க" என்று கண் கலங்கினாள். என்னைச் சொல்லவில்லை, என் காலைச் சொன்னாள். நான் ஒன்றை உருவி எறிந்தால் அடுத்து வந்தவர் இரண்டு வைத்தார். பத்தாம் நாள் கால் நிமிரவில்லை.

"அம்மா, தலகாணி வச்சீங்களா?" என்றார் மகேஷ்.

"நான் வைக்கலை."

"பின்ன யாரு வச்சா?"

"ஊரே வச்சுது."

அதன் பிறகுதான் வாசல்படி விவகாரம். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் செய்த காலை முதலில் வைக்க வேண்டும் என்பது மகேஷ் சொன்ன விதி. அதன்படி வீட்டு வாசலின் இரண்டு அகலப் படிகளையும் ஒழுங்காக இறங்கி, தெருவில் பத்தடி நடந்து, திரும்பி வந்து முதல் படியில் ஏறி நின்றேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா மகன் ராசாங்கம் வந்து நின்றார். "ஸ்ட்ரெச்சர்ல வந்ததெல்லாம் கணக்குல சேராது. அண்ணி இன்னைக்குத்தான் மொத மொத வூட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறாங்க. வலது கால்தான் மொதல்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். வளர்மதி ஆரத்தி கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், நல்ல கால்தான் முதல்ல போவணும்" என்றார் மகேஷ்.

"அப்ப வலது காலு கெட்ட காலாய்யா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீரு!"

"சார், அம்மா வுழுந்துடுவாங்க."

"வாயக் கழுவுய்யா!"

இத்தனைக்கும் நான் நடுவில் ஒரு படியில் நின்றுகொண்டிருக்கிறேன். உன் அண்ணன் போன பிறகு பதினோரு வருடம் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கிய வாசல் அது. ராசாங்கம் பேச்சோடு நிற்கவில்லை. குனிந்து, என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, அவரே தூக்கி மேற்படியில் வைக்கப் பார்த்தார். அவரைத் தடுக்க நான் ஒரு கையை எடுத்தேன். வாக்கர் சரிந்து மகேஷின் பாதத்தில் விழுந்தது. மகேஷ் துள்ளியதில் ஆரத்தித் தட்டு கவிழ்ந்து அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் சிவப்பாகிவிட்டது. அந்தச் சட்டையோடு நொண்டிக்கொண்டேதான் அவர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், அவர் என் வீட்டைச் சொல்லியிருக்கிறார். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மகேஷ் கிளம்பும் முன்பே, அவரையும் ராசாங்கத்தையும் வாயை மூடச் சொல்லிவிட்டு நான் இடது காலை வைத்தே ஏறினேன். கூரை இடிந்து விழவில்லை. மறுநாள் மிக்ஸி நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்று ராசாங்கம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகேஷ் ஓடிப்போகவில்லை. அடுத்த வாரம் வீங்கிய பாதத்தோடு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். அவருக்கும் சேர்த்து நானே பத்து வரை எண்ணினேன். ஐந்துக்கு அடுத்து ஏழு என்று தாவும் வழக்கம் அவருக்கு உண்டு. என் எதிரில் அது நடக்கவில்லை. இன்று என் வலது முழங்கால் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்குகிறது. கடைத்தெரு வரை நடந்து திரும்புகிறேன். வலி உண்டு, தாங்க முடியாத வலி இல்லை. ஆகவே பச்சையம்மா, ஊர்ப் பேச்சைத் தள்ளிவிட்டு மறுபடியும் தேதி வாங்கு. தலையணைகளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டு.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் கல்லங்குறிச்சிப் பெருமாள் துணை இருக்கட்டும். நல்லதம்பிக்கும் அவன் மனைவிக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அமிர்தவல்லி

பின்குறிப்பு: தாங்க முடியாத வலி இல்லை என்று மேலே எழுதியது பொய். முதல் மூன்று வாரம் தாங்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை திருச்சி டாக்டர் இன்னொரு மூட்டையும் மாற்றியாக வேண்டும் என்றார். "செத்தாலும் மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தைரியம் சொல்ல உட்கார்ந்து இவ்வளவு எழுதிய பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. தை பிறந்ததும் ஒரே அறையில் இரண்டு கட்டில் கிடைக்குமா என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். கிடைக்கும் என்கிறார்கள். நீ வந்தால் நானும் வருகிறேன். போன் செய்யாதே, உனக்காக நல்லதம்பி பதில் சொல்லிவிடுவான். வருவாயா, மாட்டாயா என்று நீயே ஒரு கடிதம் எழுதிப் போடு.