றைற் அண்ணையின் இத்தாலிப் பஸ்

பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து "இடமில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் றைற் அண்ணையைச் சந்திக்காதவர்கள். அவரைப் பொறுத்தவரை பஸ் நிறைவது என்ற ஒன்று இந்தப் பூலோகத்திலேயே கிடையாது. மனிதர்களில் இரண்டே வகைதான். உள்ளுக்குப் போனவர்கள், இன்னும் போகாமல் வாசலில் நின்று அடம்பிடிக்கிறவர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து புத்தூர் வழியாகப் பருத்தித்துறைக்கு ஓடிய ஒரு மினிபஸ்ஸில் அவர் நடத்துநர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஆட்களை ஏற்றி முடித்து, பஸ்ஸின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்!" என்று கத்துவார். அதைக் கேட்ட பிறகுதான் சாரதி கியர் போடுவார். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தையே அவருக்குப் பெயராக்கிவிட்டோம். கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றுக்கு நான் வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க அவருடைய பஸ்ஸில்தான் நசிந்தேன்.

"தங்கச்சி, உள்ளுக்குப் போங்கோ! நடுவிலை பந்தடிக்கலாம்!"

"எங்கை அண்ணை போறது? மூச்சுவிடவே இடமில்லை."

"எல்லாரும் ஒண்டா இழுக்காதேங்கோ. மாறி மாறி விடுங்கோ, இடம் வரும்."

சிரிக்காதீர்கள். உண்மையாகவே இடம் வந்தது! மெலிந்தவர்களை யன்னல் பக்கம் திருப்பி, குடையையும் கூடையையும் காலுக்குள் செருகி, தோளைத் தொட்டு அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு, இன்னும் ஏழெட்டுப் பேரை அவர் ஏற்றுவதைக் கண்ணால் கண்டவள் நான். ஒருவரும் அவரோடு கோபித்ததாக நினைவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத அதிசயம்.

அவருடைய பெருமை இன்னொன்று. தெருவில் கை காட்டிய ஒருவரையும் அவருடைய பஸ் விட்டுவிட்டுப் போனதில்லை. ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் ஒரு சேலை ஆடினால்கூடப் பஸ் நிற்கும். ஒருநாள் அவரங்கால் சந்தியில் ஒரு மனிதர் தேநீர் குடித்து முடிக்கும்வரை முழுப் பஸ்ஸும் காத்துக் கிடந்தது. எனக்குக் கந்தோருக்கு நேரம் போகிறது. வெடித்துவிட்டேன்.

"அண்ணை, உது சரியில்லை!"

"கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குடுத்திட்டாங்கள் தங்கச்சி. அவசரப்படுத்தினால் அந்தாளுக்கு நாக்கெல்லோ வெந்துபோகும்."

நானும் மணிக்கூட்டை விட்டுவிட்டு அந்த மனிதர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த றைற் அண்ணையோடுதான் நானும் என் கணவரும் போன வருடம் இத்தாலிக்கு உல்லாசப் பயணம் போனோம். அவருடைய மகன் தென் இத்தாலியில் சொரெண்டோ என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான். பஸ்ஸில் தொடங்கிய பழக்கம் வீட்டுப் பழக்கமாகிவிட்டிருந்ததால், தாய் தகப்பனை அழைத்தவன் எங்களுக்கும் போன் எடுத்தான். "அன்ரி, நீங்களும்தானே பென்சன் எடுத்திட்டியள். கூட வாங்கோ. அப்பாவைத் தனிய விட்டால் ஆள் ஏறட்டும் எண்டு பிளேனை மறிச்சு வைச்சிருப்பார்." எங்களுக்கும் ஆசைதான். புறப்பட்டோம்.

றைற் அண்ணையின் மனைவி பரிமளம் அக்கா. கணவருடைய தோளுக்குக் கீழே நிற்கும் சின்ன உருவம். பேசினால் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் உவரோடை பக்கத்திலை இருந்து ஒரு பயணம் போகேல்லை. பஸ்ஸிலை நான் முன் சீற்றிலை, உவர் வாசலிலை. ஓய்வெடுத்தாப் பிறகும் அப்பிடித்தான், வேறை ஆக்களின்ரை பஸ்ஸெண்டாலும் வாசலுக்குப் போயிடுவார். இந்த ஒருக்காலெண்டாலும் பக்கத்திலை இருத்திக் கூட்டிக்கொண்டு போகோணும்."

"இவ்வளவுதானே அக்கா? சீற் நம்பர் பக்கத்திலை பக்கத்திலைதானே போட்டிருக்கு."

"உங்களுக்கு அவரைத் தெரியாது," என்றார் பரிமளம் அக்கா.

தெரியத்தான் இல்லை. விமானத்தில் ஏறியதும் நடைபாதையின் நீளத்தைப் பார்த்து றைற் அண்ணை பெருமூச்சு விட்டார். "இவ்வளவு இடத்திலை ஒருத்தரும் நிக்கேல்லை. அநியாயம்!" பிறகு வேலையைத் தொடங்கிவிட்டார். பைகளை வாங்கி மேல் தட்டில் அடுக்கினார். வழியில் நின்றவர்களைத் தோளில் தொட்டு உள்ளே அனுப்பினார். விமானப் பணிப்பெண் ஓடிவந்து உட்காரச் சொன்னாள். "பிள்ளை, நீங்கள் முன் கதவைப் பாருங்கோ, பின் கதவை நான் பாக்கிறன்" என்றார். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் முன் கதவுக்குப் போனாள்! எல்லாம் முடிந்து உட்காரப் போகும் நேரம் பார்த்து, கைக்குழந்தையோடு ஒரு தாய் நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பதைக் கண்டார். தன்னுடைய இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு வால் பக்கம் போய்விட்டார். பரிமளம் அக்கா அந்தக் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே அரபிக் கடலைத் தாண்டினார்.

இத்தாலியில் அவர் ஆடிய ஆட்டத்தை எங்கே தொடங்குவது! நேப்பிள்ஸ் நகரத்தில் தெருவைக் கடக்க நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். மோட்டார் சைக்கிள்கள் நாலு பக்கத்தாலும் பாய்கின்றன. றைற் அண்ணை உள்ளங்கையை உயர்த்திக்கொண்டு நடுத் தெருவுக்கு இறங்கினார். அவ்வளவும் நின்றன! எங்களோடு காத்திருந்த ஊர்க்காரர்களும் அவருக்குப் பின்னால் வரிசையாகக் கடந்தார்கள். பொம்பேயி என்ற அந்தப் பழைய அழிந்த நகரத்தில், கல் வீதியில் வண்டிச் சில்லுகள் தேய்த்த பள்ளங்களைக் குனிந்து தடவிப் பார்த்தார். "கல்லே தேயிறதெண்டால், தங்கச்சி, எவ்வளவு சனத்தை ஏத்தியிருப்பாங்கள்!" என்று கண் கலங்காத குறையாகச் சொன்னார். வழிகாட்டி சொன்ன எரிமலைக் கதை எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

பரிமளம் அக்காவின் ஆசை மட்டும் நடந்தபாடில்லை. அண்ணை ரயிலிலும் எழும்பினார், படகிலும் எழும்பினார். அவர் உட்கார்ந்த இருக்கையைச் சூடு ஆறுவதற்குள் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். பரிமளம் அக்கா என்னைப் பார்ப்பார், நான் கூரையைப் பார்ப்பேன்.

ஒருநாள் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் நாலு பேருமாக அமால்ஃபி என்ற ஊருக்குப் பஸ் எடுத்தோம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று நாங்கள் சொல்வது வல்லைப் பாலத்தைத்தான். இங்கே ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் கடல், நடுவில் ஒரு முழத் தெரு! ஒவ்வொரு வளைவிலும் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திருப்புவார். நான் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன்.

பரிமளம் அக்கா அன்று முந்திக்கொண்டார். யன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்து இடம்பிடித்து, கணவரைக் கைகாட்டி அழைத்தார். றைற் அண்ணை வந்தார். பையை எடுத்து மடியில் வைத்தார். உட்கார்ந்தார்! பரிமளம் அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோசத்தை நான் மணமேடையில் இருக்கிற பெண்களிடம்கூடக் கண்டதில்லை.

வந்ததே வினை. ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ். இரண்டும் முட்டிக்கொள்ளாத குறை. முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் கார்கள். வெக்கை தாங்காமல் சாரதி கதவைத் திறந்துவிட, சனம் இறங்கிப் படம் எடுக்கத் தொடங்கியது. தெருவோரத்தில் ஒரு பெண் தேசிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். எலுமிச்சைதான், ஆனால் ஒவ்வொன்றும் இளநீர் அளவு.

"இஞ்சாருங்கோ, உந்தத் தேசிக்காயை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று பரிமளம் அக்காவும் இறங்கினார்.

திடீரென்று எதிரே நின்ற பஸ் பின்வாங்கி வழி விட்டது. சாரதி ஹோர்ன் அடித்தார். வெளியில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நெரித்தார்கள். கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு றைற் அண்ணை எழும்பினார். வாசலில் இறங்கி நின்றார்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ! உள்ளுக்குப் போங்கோ! பின்னுக்கு இடமிருக்கு!"

நெடிய ஜெர்மன்காரர்கள், வெயிலில் சிவந்த வெள்ளைக்காரப் பெண்கள், கூடையோடு ஊர்க்காரர்கள். எல்லோரையும் தோளில் தொட்டு, அரைச் சுற்றுச் சுற்றி, உள்ளே அனுப்பினார். நானும் கணவரும் பின்பக்கம் தள்ளப்பட்டு, யாரோ ஒருவருடைய முதுகுப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றோம். கடைசி ஆளும் ஏறியதும் அண்ணை படியில் தாவினார். கதவு மூடும் முன் கையை வெளியே விட்டு இரண்டு தட்டு. "றைற்!"

அந்தச் சாரதி வாழ்நாளில் ஒரு நடத்துநரைக் கண்டவர் அல்ல. என்றாலும் பஸ் புறப்பட்டது! உலகத்துச் சாரதிகள் எல்லோருக்கும் அந்தத் தட்டு இரத்தத்தில் ஊறியிருக்கிறது போல.

சில வளைவுகள் தாண்டின. றைற் அண்ணையின் முகம் கலியாண வீட்டுக்காரர் முகம்போல் மலர்ந்திருந்தது. நிரம்பிய பஸ்ஸைப் பெருமையோடு ஒருமுறை பார்த்தபடி வந்த கண், தன் இருக்கையில் போய் நின்றது. அங்கே கைப்பை மட்டும் இருந்தது.

"ஐயோ, பரிமளம்!"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. போன், பாஸ்போட் எல்லாம் அந்தப் பைக்குள். அந்த அக்காவுக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் தனியே நிற்கிறார். அண்ணை கதவை இரண்டு கையாலும் அறைந்த அறையில் சாரதி பஸ்ஸை வளைவிலேயே நிறுத்தினார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணை வந்த வழியே ஓடினார். பின்னால் நான். எனக்குப் பின்னால் முழங்கால் வருத்தத்தோடு என் கணவர்.

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. அது நாங்கள் ஓடிய பக்கம் போகிற பஸ். அண்ணை திரும்பி நடுத் தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சாரதி தலையை வெளியே நீட்டிக் கத்திய கத்தலில் நல்ல சொல் ஒன்றும் இருந்திராது. அண்ணை தன் தோளுக்குக் கீழே கையை வைத்து ஓர் உயரம் காட்டினார். கைப்பையைத் தூக்கிக் காட்டினார். பிறகு, நிரம்பிய பஸ்ஸில் ஒருநாளும் முகம் சுளிக்காத அந்த மனிதர், குழந்தை மாதிரி விம்மினார்.

"என்ரை மனிசி... நான் விட்டிட்டு வந்திட்டன்... நான்தான் விட்டிட்டு வந்திட்டன்!"

சாரதியின் கத்தல் நின்றது. கதவு திறந்தது. அந்தப் பஸ்ஸில் அண்ணை வாசலில் நிற்கவில்லை. யாரையும் உள்ளே போகச் சொல்லவுமில்லை. முன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

பரிமளம் அக்கா தேசிக்காய்க்காரி கொடுத்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் உப்புத் தூவிய தேசிக்காய்த் துண்டு. பக்கத்தில் அந்தப் பெண் இத்தாலி மொழியில் ஏதோ கதைக்க, அக்கா "ஓமோம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணை போய் முன்னால் நின்றார். வாயில் வந்தது கோபம்தான்.

"நீ ஏன் ஏறேல்லை?"

"நீங்கள் ஏத்தேல்லை. மற்ற எல்லாரையும் ஏத்தினீங்கள்."

அண்ணை கைப்பையை அக்காவின் மடியில் வைத்தார்.

"பயந்து போனியோ?"

"எனக்கென்ன பயம்? எப்ப திரும்பிப் பாப்பியள் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். கனதூரம் போனாப் பிறகோ பாத்தியள்?"

"இல்லையப்பா... கொஞ்சத் தூரந்தான்."

"அப்ப பறவாயில்லை. அமால்ஃபிக்குப் போய் இறங்கித்தான் பாப்பியள் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரிப்பு முடிய முன்பே கண் நிறைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மிச்சத் தேசிக்காயைக் கணவரிடம் நீட்டினார். அவர் அதைத் தோலோடு தின்றார். நானும் தேசிக்காய்க்காரியும் ஆளையாள் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினோம். என் கணவர் கடலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

அமால்ஃபியை நாங்கள் பார்க்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் எழும்பி அவர்கள் இருவருக்கும் இடம் கொடுத்தார்கள். அடுத்த தரிப்பில் பெருங்கூட்டம். வாசலில் எல்லோரும் இறுகி நிற்கிறார்கள். நடுவில் உண்மையாகவே இடம் இருந்தது! கதவு மூட முடியாமல் சாரதி கத்துகிறார். அண்ணையின் கால் இரண்டும் தாளம் போட்டன. எனக்கே பொறுக்கவில்லை.

பரிமளம் அக்காவுக்கும் பொறுக்கவில்லை. "போய் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோவன். பாவங்கள்."

றைற் அண்ணை அசையவில்லை. மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உவை தாங்களாப் போவினம்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அழுத களைப்பில் நித்திரையாகிவிட்டார். தலை மெல்லச் சரிந்து பரிமளம் அக்காவின் தோளில் வந்து நின்றது. அக்கா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். மகனுடைய வீடு சொரெண்டோவுக்குக் கொஞ்சம் முன்னால். நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பு தெரியத் தொடங்கியதும் என் கணவர் மணியை அழுத்தக் கையை நீட்டினார். அக்கா விரலை வாயில் வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

எங்கள் தரிப்பு யன்னலுக்கு வெளியே கடந்து போனது. என் கணவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கால் கடுக்க நின்றுகொண்டிருந்த நான், இந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீண்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.