முப்பதடிக்குள் ஒரு மகன்

புதுச்சேரியில் செல்போனை நம்பி அதிகம் நடந்தவர் எங்கள் நீலப்பல்லு அண்ணன்தான். வாயில் எந்நேரமும் வெற்றிலை. பல்லெல்லாம் சிவப்பு. ஆனாலும் பேர் நீலப்பல்லு. காரணம் புளூடூத்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அவர் மீன் ஏலம் விடுகிறவர். நான் ஐஸ் உடைக்கிறவன். அவர் கூவினால் நோணாங்குப்பத்தில் படகு ஏறுகிறவன் விலை கேட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

அந்த வாய்தான் கெடுத்தது. ஒருநாள் மகன் லேட்டாக வந்தான். மீன் கூடைக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தி ஏலம் விட்டார்.

"ஒரு சோம்பேறி! வயசு இருவது! கேக்கறவங்க கேளுங்க!"

எல்லோரும் சிரித்தோம். யாரும் கேட்கவில்லை.

"போணியாவலடா. வூட்டுக்குப் போ."

அவன் வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போனான் என்றும் தெரியவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

நேரு வீதி போன் கடைக்காரர் ஒரு வழி சொன்னார்.

"நம்பர மாத்துனாலும் புளூடூத்துல போனுக்கு வச்ச பேரு அப்படியே இருக்கும்ணே. அவன் ஆன்ல வச்சிருந்தா, நீங்க தேடுனா காட்டும்."

"எம்மாந்தூரம் காட்டும்?"

"முப்பதடி."

அண்ணனுக்கு அது போதும். மகன் போனின் பேர் 'சுறா கிங்'. அவன் எனக்குப் பாட்டு அனுப்பும்போது பார்த்திருக்கிறேன். இனி ஊரில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் முப்பதடி பக்கத்தில் போனால் தீர்ந்தது.

போனார். கல்யாண மண்டபம், சாவு வீடு, பீச் ரோடு எல்லா இடத்துக்கும். கோரிமேடு பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா திரும்பிக் கத்தியது.

"ஏன்யா பின்னாடியே வர்ற?"

"உன்ன இல்லம்மா. உன் பையத்தான் பாக்கறேன்."

அடி விழுந்தது. நான்தான் போய் மீட்டு வந்தேன்.

மகன் பார்த்ததும் தெரிந்துகொள்ளட்டும் என்று என்னை விட்டுத் தன் போனுக்கு 'அப்பா' என்று பேர் வைத்தார். அவருக்குச் சேதி எழுத வராது. அனுப்புவதற்குத் தன் குரலைப் பதிந்துவைத்தார். அவன் பேரை மாற்றியிருந்தால்? அதனால் திரையில் எந்தப் பேர் வந்தாலும் அனுப்புவார். பீச் ரோட்டில் காலேஜுக்கு மட்டம் போட்ட ஒருத்தன் போனில் 'அப்பா அனுப்புகிறார், வாங்கலாமா' என்று வந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

இன்னொருத்தன் வாங்கிக் கேட்டான். "டேய், சோறு ஆறுது. வா."

அவன் நேரே எங்களிடம் வந்தான். "எங்க சோறு?"

அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன்குழம்பு ஊற்றினார். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். திரையில் 'சுறா கிங்' என்று வந்தது.

அண்ணன் போனை என்னிடம் காட்டினார். சுற்றிப் பார்த்தேன். கடலூர் பஸ், விழுப்புரம் பஸ். ரெண்டும் நிறைய ஜனம். குரலை அனுப்பினார். வேண்டாம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் வேண்டாம்.

"பேரு சொல்லிக் கூவுங்கண்ணே. இங்கதான இருக்கான், கேக்கும்."

"வேணாம்டா. நான் கூவித்தான் அவன் போனான்."

ரெண்டு பஸ்ஸும் கிளம்பின. திரையில் பேர் மறைந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கான்டா. வேணாம்னு அமுக்கறான் பாரு."

அந்தப் போனை அவன் எப்போதோ யாருக்காவது விற்றிருக்கலாம். எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை.

"நாளைக்கும் வர்றியா?" என்று கேட்டார்.

மறுநாள் ஐஸ் உடைக்க வேறு ஆளை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.